ஒரு மரக்கால் தவிடு

எனக்குப் பிள்ளை இல்லை என்பதை ஊரே எனக்கு நினைவூட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஒரு பிள்ளையை என்னிடம் விற்றார்கள். விலை ஒரு மரக்கால் குதிரைவாலித் தவிடு. விற்றவள் எனக்குத் தங்கச்சி முறை. எங்கள் வீட்டுக்கு வடக்கே, வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாள்.

அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்துப்போகிற வீட்டில் எங்கள் பக்கம் செய்கிற காரியம் அது. பிறந்த பிள்ளையைப் புடைக்கிற சொளகில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்துவிடுவார்கள். இன்னொருத்தி வந்து தவிட்டைக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொள்வாள். அதற்குப் பிறகு அது அவள் பிள்ளை. பெற்றவள் வளர்ப்பாள், பால் கொடுப்பாள், ஆனால் வாய் தவறிக்கூட ‘என் பிள்ளை’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் சாவுக்குக் காது கேட்டுவிடும், முன்னே வந்து வழக்கப்பட்ட வீடுதானே என்று மறுபடியும் வந்துவிடும். தங்கச்சிக்கு மூன்று போயிருந்தது. நாலாவது இவன்.

வழக்கமாக நாலைந்து பெற்று வளர்த்த கைராசிக்காரியிடம்தான் விற்பார்கள். ஆனால் தங்கச்சி என்னைத் தேடி வந்தாள். ஏன் என்னிடம் என்று கேட்டேன். கள்ளம் இல்லாதவள், அப்படியே சொல்லிவிட்டாள்.

“ஒங்க வீட்டுல புள்ள இருக்கும்னு சாவுக்குக்கூடத் தோணாதுக்கா. அங்க வந்து தேடாது.”

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நான் கேட்ட சொற்களிலேயே அதுதான் சுத்தமான சொல். மற்றவர்கள் இளக்காரமாகச் சொன்னதை அவள் நம்பிக்கையோடு சொன்னாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். சரி, வருகிறேன் என்றேன். அன்றைக்கே அவள் மேல் ஒரு கணக்கை மனசுக்குள் வைத்துக்கொண்டேன், அதை மறைப்பானேன்.

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் காலையில் குப்பைமேட்டுக்குப் போய் அவள் மடியில் தவிட்டைக் கொட்டிவிட்டு, சொளகோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன். அரை நாழிகை அவன் என் வீட்டுக்குள் இருந்தான். என் ரவிக்கையை முகர்ந்து முகர்ந்து வாயைத் திறந்தான். பிறகு அவள் வாசலில் வந்து நின்று, முறைப்படி, “புள்ளைக்குப் பால் குடுக்க ஆளு வேணுமாமே?” என்று கேட்டாள். நான் உடனே ‘வேணும்’ என்று சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். அவள் சீலை மார்புப் பக்கம் நனைந்து பரவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் இன்னொரு தரம் கேட்டாள். அதன் பிறகுதான் ‘வேணும்’ என்றேன்.

அவன் சாகவில்லை. வலது மூக்கில் ஒரு செப்பு வளையத்தைக் குத்திக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் புழுதியில் உருண்டு வளர்ந்தான். அவனுடைய மூன்று வயதில் தகப்பன் வாந்திபேதியில் போனான். அதற்கும் இவன் தப்பித்தான். பெற்றவளைச் ‘சின்னம்மா’ என்றும் என்னை ‘அம்மா’ என்றும் கூப்பிடப் பழக்கியிருந்தாள். வேலி ஓரம் வந்து நின்று, “அம்மா, சின்னம்மா ஒங்ககிட்டச் சொளகு வாங்கியாரச் சொல்லுச்சு” என்பான். அவளிடம் பேசும்போது, “சின்னம்மா, நீ வா, நீ குடு, நீ ஊட்டு” என்பான். அவளுக்கு ‘நீ’, எனக்கு ‘நீங்க’. எங்கள் பக்கம் பிள்ளைகள் ‘நீ’ என்று பேசுவது பெற்றவளிடம் மட்டும்தான். ‘அம்மா’வை மாற்றிச் சொல்லிக்கொடுத்தவள் ‘நீ’யை மாற்றிச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டாள் என்று சிரித்துக்கொள்வேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முந்திய வருஷம் என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். தைக்குள் ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இன்னொரு கல்யாணம். நல்ல மனுஷன்தான், சாப்பிட்டுக்கொண்டேதான் சொன்னார். தனக்குக் கொள்ளி வைக்க ஒரு கை வேண்டும் என்றார். எனக்கு எது வேண்டும் என்று கேட்கவில்லை.

அவர் தம்பிக்கு மூன்று பையன்கள். மூன்றாவதை எங்களுக்குக் கொடுப்பது என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பையனுக்கு எட்டு வயசு. வந்தான், எங்கள் தொழுவத்தைச் சுற்றிப் பார்த்தான், காளைகளில் எது சண்டி என்று கேட்டான். அவனைப் பெற்றவள், என் ஓரகத்தி, உள்ளே போய் மண் குதிரில் கையால் தட்டி எந்த மட்டத்துக்குத் தானியம் இருக்கிறது என்று பார்த்தாள். பிள்ளை என் மடிக்கு வருவான், அதிகாரம் அவள் கைக்குப் போகும். சாகிறவரை என் வீட்டில் நான் அவளுக்கு உலை வைக்க வேண்டியதுதான். முடியாது என்றேன். ‘அப்படின்னா வேற யாரு இருக்கா?’ என்றார் அவர்.

தத்து எடுப்பது என்றால் கோழிக்குஞ்சு வாங்குவது போலத்தான் என்று நினைத்திருந்தேன். அவர் அருப்புக்கோட்டையில் ஒரு பத்திரம் எழுதுகிறவரிடம் விசாரித்துவிட்டு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். புருஷன்தான் எடுக்க முடியும். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள்ளலாம். ஆண் பிள்ளையாக இருக்க வேண்டும். பெண்ணை எடுத்துச் சோறு போடலாம், சட்டத்தில் மகள் ஆகாது. ஒரே சாதியாக இருக்க வேண்டும். தகப்பன் கையால் கொடுக்க வேண்டும், தகப்பன் செத்திருந்தால் தாய் கொடுக்கலாம். அநாதைப் பிள்ளையை எடுக்கவே முடியாது, ஏனென்றால் கொடுப்பதற்கு அதற்கு யாரும் இல்லை. யாருமே இல்லாத பிள்ளையையும் பிள்ளையே இல்லாதவளையும் சேரவிடாமல் அத்தனை கவனமாக எழுதியிருந்தார்கள்.

பந்தல்குடியில் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா இருந்தார். வேதக்காரர், கிறிஸ்தவர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். அவருக்கும் பிள்ளை இல்லை. அவரும் அவர் புருஷனும் போதகரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய், விடுதியிலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கூட்டிவந்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் சட்டத்தில் தத்து என்ற பேச்சே கிடையாதாம். நான் பார்க்கப் போயிருந்தபோது சட்டப்படி யாருக்கும் மகள் இல்லாத அந்தப் பெண், “அம்மா, நீ வச்ச கொழம்புல உப்பே இல்ல” என்று கத்திக்கொண்டிருந்தது. அந்த ‘நீ’யைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வருகிற வழியில், கரியில் ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் தவிடு நினைவுக்கு வந்தது.

எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறதே. ஊரறிய வாங்கியது.

அந்த வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் படலில் வேப்பிலை செருகியிருந்தது. பையனுக்கு மணல்வாரி அம்மை போட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று, ஊர்ப் பெரியவரையும் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் தாங்களாகவே வந்து நின்றார்கள். நான் நாள் பார்த்துத்தான் போனேன். பிள்ளை தேறிக்கொண்டிருக்கும் நாளில் அவளுக்குப் பயம் முற்றிப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றேன். அவள் முதலில் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டாள். அது ஒரு சாங்கியம்தானே, சும்மா செய்ததுதானே என்றாள். பெரியவர் தலையைச் சொறிந்தார். தவிடு கொடுத்தது உண்மைதான், ஆனால் அதை வைத்து யாரும் பிள்ளையைக் கேட்டதில்லை என்று இழுத்தார். அவரைப் பேசவிட்டால் காரியம் கெட்டுப்போகும் என்று தெரிந்தது.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“நீ எனக்கு எதையும் விளக்க வேணாம். இது எம்புள்ளன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. இந்த நிமிசமே திரும்பிப் போறேன்.”

அவள் வாயைத் திறந்தாள். பையன் உள்ளே கோரைப்பாயில் உட்கார்ந்து, உரிகிற தோலைக் கையிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள். அவள் தொண்டை ஏறி இறங்கியதை அங்கே இருந்த எல்லோரும் பார்த்தோம். ஐந்து வருஷமாகப் பல்லுக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்த சொல், அவளுக்கு வேண்டிய நேரத்தில் வரவில்லை.

“சொல்லு” என்றேன்.

“ஒங்க புள்ளதானேக்கா” என்றாள்.

அது பொய்யென்று அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஆனால் அவர்களும் பிள்ளை பெற்றவர்கள். ‘உன் பிள்ளைதான் என்று சொல்லுடி’ என்று அவளுக்கு எடுத்துக்கொடுக்க ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. சாவுக்குக் காது உண்டு என்பதெல்லாம் அறியாமை என்று டீச்சரம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். என் படிப்பு எனக்கு உதவியது வாழ்க்கையில் அந்த ஒரு இடத்தில்தான்.

அவளுக்கும் ஒரு ஆறுதல் சொன்னேன். கரிசல் காடும் கிணறும் அவனுக்கு வரும், உன்னிடம் இருந்தால் என்ன வரும் என்றேன். நியாயமான பேச்சுத்தான். நியாயத்தை எப்போது எடுப்பது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறு வாரம் நானும் என் வீட்டுக்காரரும் அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் உட்கார்ந்தோம். மேல்துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விவரம் கேட்டார். கொடுக்கிறவள் விதவையா, ஒரே பையனா, சம்மதம் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார். சடங்கு அன்று சாட்சிகள் முன்னால் பெற்றவள் ‘என் மகனை உங்களுக்குச் சுவீகாரமாகக் கொடுத்தேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும், சொல்லித்தான் கையில் கொடுக்க வேண்டும் என்றார்.

அந்த வார்த்தை வேண்டாமே என்றேன். தவிட்டுப் பிள்ளை என்று எழுதக் கூடாதா, ஏற்கெனவே எனக்குத்தானே விற்றார்கள் என்று கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“புள்ள ஒங்களுதுன்னா, ஒங்க புள்ளைய நீங்களே எப்படிம்மா தத்து எடுப்பீக? அவுக புள்ளையா இருந்தாத்தான் அவுக குடுக்க முடியும்.”

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் அந்த மனுஷனின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டே வந்தார். எந்தச் சொல்லைச் சொல்ல முடியாது என்று அவளை மடக்கினேனோ, அதே சொல்லை இப்போது அவள் ஊர் நடுவில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பயம் தெளிந்துவிடுமே. சொல்லிய பிறகும் பையன் நின்றுகொண்டிருப்பதைப் பார்ப்பாளே. அப்புறம் எதற்குக் கொடுப்பாள்? மாட்டேன் என்று தூக்கிக்கொண்டு நடந்தால் என்னால் என்ன செய்ய முடியும்? பதினைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சடங்கு எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. தென்னங்கீற்றுப் பந்தல், கோலம், ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர். ஓரகத்தியும் வந்திருந்தாள், நடக்காமல் போகுமா என்று பார்க்க. பையனைக் குளிப்பாட்டிப் புதுத் துண்டு கட்டி நிறுத்தியிருந்தார்கள். முதலில் பெற்றவள் அவன் இடுப்பில் இருக்கும் அரைஞாண் கயிற்றை அறுக்க வேண்டும். கத்தியைக் கையில் கொடுத்தார்கள். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். கத்தி அவன் மேல் பட்டுவிடும் என்று பயந்தாளாம்.

பிறகு பெரியவர், “சொல்லு தாயி” என்றார்.

அவள் அவன் தலையில் கையை வைத்தாள். நான் மடியை விரித்து உட்கார்ந்திருந்தேன்.

“எம்புள்ள” என்றாள். நிறுத்தினாள். மறுபடியும் “எம்புள்ள” என்றாள். பெரியவர் ஒரு தரம் சொன்னால் போதும் என்றார். அவள் கேட்கவில்லை. “நான் பெத்த புள்ள. எம்புள்ளையத்தான் இவுகளுக்குக் குடுக்குறேன்” என்று சொல்லி முடித்தாள்.

பையன் அண்ணாந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்ததும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவள் அவனைத் தூக்கி என் மடியில் போட்டாள், போட்ட கையோடு என் காதருகே குனிந்தாள்.

“சொல்லிட்டேன்க்கா. கேட்டிருக்கும். இனிமே அவன் எங்க வீட்டுப் பக்கம் வரவே கூடாது. கட்டிப்போட்டாவது ஒங்க வீட்டுலயே வச்சுக்கங்க.”

நான் பயந்ததற்கு நேர்மாறாக அவள் கணக்குப் போட்டிருந்தாள். சொன்ன பிறகு சாவு அவனைத் தேடி அவள் வீட்டுக்குத்தான் வரும். என் வீடுதான் அதற்குத் தோணாத வீடு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னதை அவள் ஒரு நாளும் மாற்றிக்கொள்ளவில்லை. நான் புது அரைஞாண் கயிற்றைக் கட்டினேன். நானும் என் வீட்டுக்காரரும் மஞ்சள் தண்ணீர் குடித்தோம், அவனுக்கும் ஒரு வாய் ஊற்றினார்கள். ஓரகத்தி சாப்பிடாமல் எழுந்து போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவனைக் காணவில்லை. வேலி ஓரம் போய்ப் பார்த்தேன். அவள் வீட்டுப் படலைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றான். அவன் அவளை அம்மா என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான்.

“அம்மா, கதவத் தொற. நீதானே சொன்ன. எம்புள்ளன்னு நீதானே சொன்ன.”

அவள் உள்ளே இருந்தாள். படலின் ஓலை இடுக்கில் சீலை தெரிந்தது. வெகுநேரம் அவன் ஆட்டினான். கடைசியில் உள்ளேயிருந்து, “ஒங்கம்மா அங்க நிக்கிறாக பாரு, போ” என்று வெறும் குரல் வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். நான்தான் நின்றேன். போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். மூன்று நாள் அப்படிப் போனான். மூன்று நாளும் அவள் திறக்கவில்லை. நாலாவது நாள் அவன் போகவில்லை. அந்த மாசமே அவள் நரிக்குடிப் பக்கம் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள்.

அவன் என்னை ஒரு தொந்தரவும் செய்யவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டான். சொன்ன இடத்தில் படுத்தான். ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டான், அதில் குறை வைக்கவில்லை. “நீங்க சாப்டீங்களா?” என்று ஒரு நாள் கேட்டான். ஐந்து வயசுப் பிள்ளை, விருந்தாளி கேட்பதுபோலக் கேட்டான். குழம்பில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் அவனுக்கு ஊற்றிப் பார்த்தேன். பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான்.

ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் கஷாயத்துக்கு அடங்கவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. வண்டியைக் கட்டச் சொல்லி, கரிசல் சேற்றில் மாடு தடுமாறத் தடுமாற, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவன் என் மடியில் அனலாகக் கிடந்தான். மூச்சு விடும்போது நெஞ்சு குழிவிழுந்து எழுந்தது. வழியெல்லாம் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சீட்டு எழுதுகிற கம்பவுண்டர் நிமிர்ந்து பார்க்காமல் வயசைக் கேட்டார், ஊரைக் கேட்டார். பிறகு, “யாரு பிள்ளை?” என்றார்.

என்னிடம் பத்திரம் இருந்தது. சாட்சிகள் கையெழுத்துப் போட்ட பத்திரம், வீட்டுப் பெட்டியில் பட்டுச் சீலைக்கு அடியில். டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த பாடமும் இருந்தது. வாயைத் திறந்தேன். அவன் நெஞ்சு குழிந்து எழுந்தது. என் தொண்டை ஏறி இறங்கியதை நானே உணர்ந்தேன். யாரோ பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்தது. கம்பவுண்டர் மறுபடியும் கேட்டார்.

“பக்கத்து வீட்டுப் பிள்ளைதாங்க” என்றேன். “பெத்தவ வேலைக்குப் போயிருக்கா. நான் தூக்கிட்டு வந்தேன்.”

அவர் எழுதிக்கொண்டார். மடியில் கிடந்தவன் கண்ணைத் திறந்தான். காய்ச்சலில் கண் இரண்டும் சிவந்து பளபளவென்று இருந்தன. என் கையைப் பிடித்தான். அவனாக என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

“அப்ப என்னய எங்க அம்மாகிட்டக் கொண்டுபோய் விட்ருவீங்களா?” என்றான்.

கம்பவுண்டர் சீட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.